தெருப் பெயர் காலி

குடிநீர் வழங்கல் துறை குடிநீரை வழங்குவதற்காக ஏற்படுத்தப்பட்டது என்பது ஊரில் பலருடைய நம்பிக்கை. துறைக்கு உள்ளே இருந்தவர்கள் இந்த நம்பிக்கையை ஆதரிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

முன்பெல்லாம் ஒருவர் சைக்கிளில் தெருத்தெருவாகப் போய் வால்வைத் திறந்துவிட்டு வருவார். எல்லா ஊரிலும் கம்ப்யூட்டர் வந்துவிட்டதால் இங்கேயும் வந்தது. ஒரு புரோகிராம் எழுதி வாங்கினார்கள். அது காலையில் தானாகவே ஒவ்வொரு தெருவின் வால்வையும் திறக்கும். திறந்த கையோடு அந்தத் தெருக்காரர்களின் செல்போனுக்கு, "இன்ன தெருவுக்குத் தண்ணீர் திறக்கப்பட்டது, மகிழ்ச்சியுடன் பருகவும்" என்று செய்தி அனுப்பும்.

அந்தப் புரோகிராமைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை வேலைக்கு எடுத்தார்கள். புரோகிராமில் வரும் தப்புகளை 'பக்' என்று சொல்வார்கள் அல்லவா? நியமன ஆணையைத் தமிழ்ப்படுத்தியவர் அவளை "பூச்சி நீக்குநர்" என்று எழுதிவிட்டார். வேலையில் சேர்ந்த அன்றே கண்காணிப்பாளர் அவளைப் பழைய ஃபைல்கள் இருந்த அறைக்கு அழைத்துப்போய்க் கரப்பான்பூச்சிகளைக் காட்டி, "மருந்து கொண்டு வந்திருக்கீங்களாம்மா?" என்று கேட்டார். அன்றிலிருந்து அவள் பூச்சியம்மா.

ஒரு நாள் காலை பூச்சியம்மாவுக்கு அவள் அண்ணியிடமிருந்து போன் வந்தது. அண்ணி தையல்கடை வைத்திருப்பவள். அண்ணன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். அடுத்தவர் தப்பைக் கண்ணாடியிலேயே பார்த்துவிடுவார்.

"ஏம்மா, உங்க ஆபீஸுக்கு எங்க தெரு மேல என்ன கோபம்? குழாயைத் திறந்தா காத்துதான் வருது."

"நேத்து வந்துச்சா அண்ணி?"

"நேத்தும் வரல. நேத்து நாங்க பெருந்தன்மையா விட்டுட்டோம்."

பூச்சியம்மா கம்ப்யூட்டரில் தேடினாள். "ஏதோ நடந்துவிட்டது. வருந்துகிறோம்" என்று மட்டும் இருந்தது. புரோகிராமை எழுதியவர்கள் துறையின் பழக்கவழக்கங்களை நன்றாகப் படித்துவிட்டுத்தான் எழுதியிருந்தார்கள். எந்தத் தப்பு வந்தாலும் அப்படியே விழுங்கிவிட்டு, வருத்தம் மட்டும் தெரிவிக்கும்படி செய்திருந்தார்கள்.

அவள் அந்த விழுங்கும் இடத்தை எடுத்துவிட்டாள். மறுநாள் புரோகிராம் தடுக்கி விழுந்த அந்த நொடியிலேயே அதன் தடத்தைப் பிடித்தாள். ஸ்டாக் டிரேஸ் என்பது அதன் பெயர். புரோகிராம் என்பதும் ஓர் அலுவலகம் மாதிரிதான். ஒன்று இன்னொன்றைக் கூப்பிட்டு வேலை சொல்லும், அது வேறொன்றைக் கூப்பிடும். கடைசியில் வேலையைச் செய்யவேண்டியது எங்கோ விழுந்துவிடும். விழுந்தது எது, அதைக் கூப்பிட்டது எது, அந்தக் கூப்பிட்டதைக் கூப்பிட்டது எது என்று வரிசையாக எழுதிக் காட்டுவதுதான் டிரேஸ். வழி தெரிவதற்காக எழுதுவது. யார் மேலும் புகார் இல்லை.

ஆனால் இந்தத் துறையின் புரோகிராமில் எல்லாவற்றுக்கும் முறைப்படியான பதவிப் பெயர்கள்தான் வைக்கவேண்டும் என்று பழைய உத்தரவு ஒன்று இருந்தது. ஆகவே திரையில் வந்தது இது:

வால்வைத் திற: விழுந்தது. காரணம்: தெருப் பெயர் காலி.
அழைத்தது: உதவிப் பொறியாளர் ஒப்புதல்.
அழைத்தது: கண்காணிப்பாளர் பரிந்துரை.
அழைத்தது: இயக்குநர் ஆணை.

கண்காணிப்பாளர் எட்டிப் பார்த்தார். தன் பதவி கம்ப்யூட்டரில் வந்திருப்பதைக் கண்டதும் முகம் வெளிறிவிட்டது. அச்சடித்துக்கொண்டு இயக்குநர் அறைக்கு ஓடினார். பூச்சியம்மாவும் பின்னால் ஓடினாள்.

"ஸ்டாக்கா?" என்றார் இயக்குநர். "கையிருப்புல என்ன குறையுது?"

"அந்த ஸ்டாக் இல்ல சார். இது அடுக்கு. யார் யாரைக் கூப்பிட்டாங்கன்னு ஒண்ணு மேல ஒண்ணா..."

"அதாவது, யார் தப்புன்னு கம்ப்யூட்டரே சொல்லிடுது?"

"தப்பு யாருதுன்னு சொல்லாது சார். எங்க விழுந்துச்சு, எப்படி அங்க வந்துச்சுன்னு சொல்லும். முதல் வரியைப் பாருங்க, தெருப் பெயர்..."

"முதல் வரியெல்லாம் எதுக்கு? நம்ம துறையில பொறுப்பு எப்பவும் எங்க இருக்கும்?"

"அடியில சார்" என்றார் கண்காணிப்பாளர் தயங்காமல்.

அன்றே தட ஆய்வுக் குழு அமைக்கப்பட்டது. "நிர்வாக மரபுகளையும் இயற்கை நீதியையும் கருத்தில் கொண்டு, தடத்தின் அடி வரியில் காணப்படுபவர் உடனடியாகப் பணியிடை நீக்கம் செய்யப்படுகிறார்" என்று ஆணை தயாரானது. இயக்குநர் கையெழுத்தும் போட்டார். பெயரை நிரப்புவதற்காகத் தட்டச்சர் அடி வரியை உரக்கப் படித்தார்.

"இயக்குநர் ஆணை."

இயக்குநர் தான் போட்ட கையெழுத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"இதைத் தலைகீழாவும் அச்சடிக்கலாம் சார்" என்றாள் பூச்சியம்மா. "சில கம்ப்யூட்டர் மொழிகள்ல விழுந்த வரிதான் கடைசியில வரும்." அவள் தகவலுக்காகத்தான் சொன்னாள்.

"அப்படிச் சொல்லுங்க!" என்று இயக்குநருக்கு உயிர் வந்தது. "அதுதான் நாகரிகமான மொழி."

தடங்கள் இனி தலைகீழாகவே அச்சிடப்படவேண்டும் என்று சுற்றறிக்கை போனது. இப்போது அடியில் நின்றது "வால்வைத் திற." ஆணை ஆணைதான். அண்ணியின் தெருமுனையிலிருந்த இரும்பு வால்வு பணியிடை நீக்கம் செய்யப்பட்டது. ஏன் மேல்நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று விளக்கம் கேட்டு அதன் கழுத்தில் குறிப்பாணை ஒட்டப்பட்டது. உரிய காலத்தில் வால்வு பதில் தரவில்லை. விசாரணைக்கு ஒத்துழைக்க மறுப்பதாகப் பதிவு செய்தார்கள்.

இதற்குள் தடம் பிடிப்பது ஊரில் ஒரு மோஸ்தர் ஆகிவிட்டது. ஓர் ஆலோசகர் வரவழைக்கப்பட்டார். அவர் கழுத்துப்பட்டை அணிந்து, பெரிய திரையில் அம்புக்குறிகளைக் காட்டி, "தடமே வாழ்க்கை" என்று காலை முழுவதும் பேசினார். யாருக்கும் புரியாததால் எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். அலுவலக கேண்டீனில் டீ ஆறிப்போயிருந்தால் தடம் கேட்டார்கள். ஆற்றியவரை அழைத்தவர், ஊற்றியவரை அழைத்தவர் என்று எழுதி முடிப்பதற்குள் சூடான டீயும் ஆறிப்போனது. "என்னை அழைத்தது யார்?" என்று எழுதிய பனியன்களைக் கல்லூரிப் பிள்ளைகள் போட்டுக்கொண்டு திரிந்தார்கள்.

"தடம் இருக்கட்டும், தண்ணி எங்கம்மா?" என்றாள் அண்ணி போனில். "துணியில சாயம் போகுதான்னு நனைச்சுப் பாக்கக்கூடத் தண்ணி இல்ல. உங்க அண்ணன் காரைத் துடைக்கிற துணியால முகத்தைத் துடைச்சிட்டுப் போறாரு."

எல்லோரும் தடத்தைப் பற்றிப் பேசினார்களே தவிர, யாரும் அதைப் படிக்கவில்லை. "தெருப் பெயர் காலி" என்று அது தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருந்தது. பெயர் எப்படிக் காலியாகும்? பூச்சியம்மா விடுமுறை நாளில் அண்ணன் வீட்டுக்கே போனாள்.

காரணம் வாசலிலேயே கிடைத்தது. அந்தத் தெருவுக்கு எருமைக்குட்டைச் சந்து என்று பெயர் இருந்தது. முகவரி சொல்லக் கூச்சமாக இருக்கிறது, வாடகைக்கு ஆள் வரமாட்டேன் என்கிறார்கள் என்று தெருக்காரர்கள் மனுப் போட்டிருந்தார்கள். புதுப் பெயர் வைப்பதில்தான் தகராறு. கிழக்குப் பக்கத்துக்காரர்களுக்கு "பேரொளி முதன்மைப் பெருஞ்சாலை" வேண்டும். அவர்களுக்குத் தலைவர் அண்ணன். மேற்குப் பக்கத்துக்கு "கோல்டன் பாம் அவென்யூ" வேண்டும்; அதற்குத் தலைவர் எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர். தெருவில் ஒளியும் சுமார்தான், பாம் மரம் என்று பார்த்தால் ஒரு தொட்டிச்செடிகூடக் கிடையாது. பெயர் மாற்றப் பிரிவு தன்னால் முடிந்ததை உடனே செய்துவிட்டது: பழைய பெயரை நீக்கிவிட்டது. புதுப் பெயர் "ஒருமித்த கருத்து வரும்வரை நிலுவை."

"அண்ணா, ஏதாவது ஒரு பேருக்கு ஒத்துக்கோங்களேன். அந்த இடம் காலியா இருக்கிறதாலதான் வால்வு திறக்க மாட்டேங்குது."

"தண்ணி இல்லாம இருந்துடுவேன். பாம் மரத்துக்கு அடியில குடியிருக்க மாட்டேன்" என்றார் அண்ணன்.

எதிர்வீட்டுப் பிடிவாதமும் அதேதான். "எங்க கடைக்கு வர்றவங்க பாதிப்பேர் தாகத்துலதான் வர்றாங்க. வரட்டும். ஆனா பேரொளின்னு பலகை மாட்டினா நான் கடையை மூடிடுவேன்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

பூச்சியம்மா திரும்பி வந்து புரோகிராமில் ஒரு சின்ன வேலை செய்தாள். தெருப் பெயர் காலியாக இருந்தால் "பெயரில்லாத் தெரு" என்று வைத்துக்கொண்டு நேராக வால்வைத் திறந்துவிடு. பெயர் இல்லாத தெருவுக்கு எந்தப் பிரிவும் இல்லை. பிரிவு இல்லாததால் பரிந்துரை இல்லை, ஒப்புதல் இல்லை. மறுநாள் பொழுது விடிவதற்குள் குழாய்கள் பொங்கின. பணியிடை நீக்கத்தில் இருந்த வால்வுதான் திறந்தது. நீக்கத்தில் இருப்பவர் வேலை செய்யக்கூடாது என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

தண்ணீரோடு செய்தியும் வந்தது. "பெயரில்லாத் தெருவுக்குத் தண்ணீர் திறக்கப்பட்டது, மகிழ்ச்சியுடன் பருகவும்."

குளித்து முடித்த கையோடு தெருவே கொதித்தெழுந்தது. கிழக்கும் மேற்கும் முதல்முறையாக ஒன்றுசேர்ந்தன. அண்ணனும் மருந்துக்கடைக்காரரும் ஒரே ஸ்கூட்டரில் துறை அலுவலகத்துக்கு வந்து இறங்கினார்கள்.

"எங்களைப் பார்த்துப் பேரில்லாதவங்கன்னு சொன்னது யாரு?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"தடத்தை எடுங்க சார்! எங்களுக்கும் எல்லாம் தெரியும்" என்றார் அண்ணன்.

தடம் எடுக்கப்பட்டது. உதவிப் பொறியாளர் இல்லை, கண்காணிப்பாளர் இல்லை, இயக்குநர் இல்லை. ஒரே வரி. அந்த வரியை எழுதியது பூச்சி நீக்குநர் என்று இருந்தது. மேலிருந்து படித்தாலும் கீழிருந்து படித்தாலும் அவள்தான். இப்படி ஒரு சுத்தமான தடத்தைத் தன் பணிக்காலத்தில் கண்டதில்லை என்று இயக்குநர் நெகிழ்ந்துபோனார்.

"உன்னைச் சொல்லணும்னு வரலம்மா" என்றார் அண்ணன், தங்கையைத் தனியே ஓரமாக அழைத்து. "கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"குளிச்சிட்டுத்தானே வந்தீங்க அண்ணா?"

"அது வேற விஷயம்" என்றார் அண்ணன்.

பூச்சியம்மாவைப் பணியிடை நீக்கம் செய்யும் ஆணை தயாரானது. அப்படிப்பட்ட ஆணையை வீட்டு முகவரிக்குப் பதிவுத் தபாலில்தான் அனுப்பவேண்டும். கையில் வாங்கும்வரை அது செல்லாது. அனுப்பினார்கள்.

ஆனால் தபால் போய்ச் சேர்வதற்குள் வேறொரு செய்தி ஊரில் பரவிவிட்டது. பெயரில்லாத் தெருவுக்கு முதலில் தண்ணீர் வருகிறது, வேகமாக வருகிறது, தடங்கலே இல்லாமல் வருகிறது. பக்கத்துத் தெருக்காரர்கள் யோசித்தார்கள். பிறகு, தங்கள் தெருவின் பெயரையும் நீக்கித் தரும்படி மனுப் போட்டார்கள். அதற்கடுத்த தெரு, அதற்கும் அடுத்த தெரு என்று மனுக்கள் குவிந்தன. வைப்பதற்குத்தான் ஒருமித்த கருத்து வேண்டும், நீக்குவதற்குத் தேவையில்லை. பெயர் மாற்றப் பிரிவு இரவுபகல் பாராமல் உழைத்தது. தெருமுனைப் பலகைகள் எல்லாம் வெள்ளை அடிக்கப்பட்டு, வெயிலில் பளபளவென்று நின்றன. அவரவர் தெருவுக்குப் போராடிப் பெயர் வாங்கியவர்களே ஏணியைப் பிடித்துக்கொண்டார்கள். ஊர் முழுவதும் தண்ணீர் வந்தது. புள்ளிவிவரங்களைப் பார்த்த மேலிடம் இயக்குநரைப் பாராட்டியது.

பூச்சியம்மா வழக்கம்போல வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். ஒரு நாள் இயக்குநரே அவள் மேசைக்கு வந்தார்.

"நீங்க இன்னும் எப்படி வர்றீங்க?"

"ஆணை வந்து சேரலையே சார். எங்க தெருவுக்கும் இப்ப பேர் கிடையாது."

"இங்கேயே கையில கொடுத்துடவா?"

"விதிப்படி வீட்டு முகவரிக்குத்தான் சார்."

இயக்குநர் அதோடு போகவில்லை. நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"மேலிடத்துல எனக்குப் பதவி உயர்வு போட்டிருக்காங்கம்மா. ஆணையை வீட்டுக்கு அனுப்பியிருக்காங்களாம். வாங்கிக் கையெழுத்துப் போட்டாத்தான் செல்லும். தினமும் காலையில வாசல்ல நின்னு தபால்காரரைக் கூப்பிடறேன். பையில என் கவர் இருக்கு, நானே பார்த்தேன். 'எந்தத் தெரு சார்?'ன்னு கேட்டுட்டுப் போயிடறாரு."