சிவப்பு தெரிகிறதா?

உள்ளறையில் முக்காலி சரிந்து விழும் சத்தம். அடுத்த நொடி, "மாறிடுச்சு, மாப்பிள்ளை, ஓடி வா" என்று ஒரு குரல்.

பதறாதீர்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நிறம் பார்ப்பவர் என்றொரு இனம் உண்டு. என் அக்காவின் கணவர் அதில் முழுமையாக வளர்ந்த ஒருவர். தண்ணீரில் சயனைடு இருந்தால் காட்டிக்கொடுக்கும் மஞ்சள் திரவம் ஒன்றை மூன்று வருடமாக உருவாக்கிக்கொண்டிருக்கிறார். விஷம் இருந்தால் அது சிவப்பாகும். இல்லையென்றால் மஞ்சளாகவே கிடக்கும். அவ்வளவுதான். ஆனால் அதைச் சும்மா கிடக்க விட்டால்தானே?

சோதனைக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார், பின்னால் வெள்ளைக் காகிதம் வைப்பார், கண்ணாடியைக் கழற்றுவார், மாட்டுவார், ஒற்றைக் கண்ணை மூடி மூச்சையும் அடக்கிக்கொண்டு, பிரசவ அறை வாசலில் நிற்கும் தகப்பனைப் போல் தவித்து, கடைசியில் கையில் அகப்பட்டவரை இழுத்து நிறுத்திக் கேட்பார். என்ன நிறம் என்றா? இல்லை. "சிவப்பு தெரியுதுல்ல?"

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று சொல்ல எந்தக் கல்நெஞ்சுக்கு மனம் வரும்? மின்விசிறி பழுதுபார்க்க வந்தவர்கூடத் தெரிகிறது என்றார். ஐந்து வருடமாக அவரிடம் வேலை பார்க்கும் உதவியாளர் அம்மாவோ கேள்வி முடிவதற்குள் தலையாட்டிவிடுவார்.

நேற்று தண்ணீர் வாரியத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். சயனைடு கலந்து முலாம் பூசும் பட்டறைகளை ஒட்டிய வீடுகளில் கிணற்றுத் தண்ணீர்தான் குடிக்கிறார்கள். அவருக்குத் திருப்தியானால் அந்த வீடுகளுக்கெல்லாம் இந்தத் திரவம் போகும். இல்லாவிட்டால் மூன்று வருட உழைப்பு சாக்கடைக்குப் போகும். அவர் பையிலிருந்து இரண்டு பாட்டில்களை எடுத்து வைத்தார். எதில் விஷம் என்பது அவருக்கு மட்டுமே தெரியும்.

முதல் குழாய் கண்ணெதிரே சிவந்தது. எனக்கே தெரிந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அத்தான் இரண்டாவதை ஜன்னலுக்குத் தூக்கிக்கொண்டு போனார். காகிதம். கண்ணாடி. ஒற்றைக் கண்.

"இதுலயும் லேசா சிவப்பு. தெரியுதுல்ல?"

என் தலை பழக்கத்தில் ஆடிவிட்டது. உதவியாளர் அம்மாவின் தலையும் பாதி இறங்கி, அங்கேயே நின்றது. ஒரு பக்கம் ஐந்து வருடச் சோறு; மறுபக்கம் யாரோ ஒருத்தியின் குடிதண்ணீர். அந்த நெஞ்சுக்குள் அப்போது அடித்த புயலை நான் எழுதி மாளாது.

"இல்லை சார். மஞ்சளாத்தான் இருக்கு."

அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"ரெண்டாவது நல்ல தண்ணிதான். உங்க மருந்து சரியா வேலை செய்யுது சார். உத்தரவு போட்டுடறேன். பார்க்கிற வேலையை மட்டும் அந்தம்மாகிட்ட கொடுத்துடுங்க."

சிரிக்கிறீர்கள். நடைப்பயிற்சி தொடங்கிய மூன்றாம் நாளே கண்ணாடி முன் நின்று, "கொஞ்சம் இளைச்சிருக்கேன்ல?" என்று வீட்டாரைக் கேட்டது யார்?

அதிகாரி கைகூப்பி விடைபெற்றார். அத்தான் வாசல்வரை போய் வழியனுப்பி, கதவைச் சாத்திவிட்டு, தழுதழுத்த குரலில் என்னிடம் சொன்னார்: "போகும்போது அதிகாரிக்குக் கண் கலங்கிடுச்சு, கவனிச்சேல்ல?"

என் இடத்தில் இருந்தால் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? வாயைத் திறக்க வேண்டாம். தலை ஆடுகிறது பாருங்கள்.