முலாம் பட்டறையின் மறுவாழ்வு

மனிதர்களுக்கே மறுவாழ்வு கிடைக்காத இந்தக் காலத்தில், கட்டடங்களுக்கு மறுவாழ்வு கொடுக்கும் மகத்தான அலுவலகம் ஒன்று கோவையில் இருக்கிறது. நஞ்சு படிந்து பூட்டிக் கிடக்கும் பழைய பட்டறைகளை அரசுப் பணத்தில் 'தூய்மைப்படுத்தி' மக்களிடம் ஒப்படைப்பது எங்கள் கடமை. அங்கே உதவியாளராக இருப்பது என் பாக்கியம்.

சிங்காநல்லூரில் ஒரு முலாம் பட்டறை. முதலாளி எப்போதோ போய்விட்டார். அமில டிரம்கள் மட்டும் போகவில்லை. சுவரெல்லாம் பச்சையும் மஞ்சளுமாகக் கறை. இந்தக் கட்டடத்தைச் சுத்தம் செய்து தரச்சொல்லி மனு கொடுத்தவர் விமலாராணி. மில்லுக்குப் போகும் பெண்களின் குழந்தைகள் இருபத்திரண்டு பேரைப் பகலில் பார்த்துக்கொள்பவர். அவர் வாடகைக்கு இருந்த தகரக் கொட்டகையைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள்.

எங்கள் அதிகாரி கிருபாசங்கர் நிதி ஒதுக்கினார். ஒப்பந்தக்காரர் திருமூர்த்தி பதினோரே நாளில் வேலையை முடித்தார். பச்சைக் கறைமேல் பச்சைப் பெயின்ட், மஞ்சள் கறைமேல் மஞ்சள் பெயின்ட். கறையின் மனம் நோகாத தொழில்நுட்பம்! டிரம்களைப் பின்னறையில் தள்ளிப் பூட்டி, கதவில் ஒரு முயல் வரைந்தார்.

"சுத்தமா முடிச்சுபோட்டனுங்க" என்றார்.

"மண்ணைச் சோதனைக்கு அனுப்பணுமே?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன்.

"அனுப்பியாச்சுங்க. அருமையான ரிசல்ட்டு. நம்ம பெரியநாயக்கன்பாளையத்துத் தோப்பு மண்ணுங்களே!"

"பட்டறை மண் இல்லையா?"

"அதைக் குடுத்தா பெயிலாயிப் போயிருமுங்க."

அந்தத் தொலைநோக்கை மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். 'இக்கட்டடம் குழந்தைகள் தங்குவதற்கு முற்றிலும் உகந்தது' என்று தட்டச்சு செய்தேன். கிருபாசங்கர் கையெழுத்திட்டார்.

திறப்பு விழாவுக்கு எதிர்ப்புறத்தில் பந்தல். ரிப்பனை வாசலுக்கு இருபதடி முன்னாலேயே கட்டியிருந்தோம். கிருபாசங்கர் அதை வெட்டிவிட்டுக் காரை நோக்கி நடந்தார்.

"ஏனுங்க சார், உள்ள வந்து ஒரு வாய் டீ குடிச்சுட்டுப் போங்க" என்றார் விமலாராணி.

"இருக்கட்டுங்க அம்மணி. மாஸ்க் எடுத்துட்டு வரலை."

"அப்ப எங்க கொழந்தைகளுக்குங்க?"

"அவங்களுக்குத்தான் சான்றிதழ் குடுத்தாச்சுங்களே!"

விமலாராணி தனியாக உள்ளே போனார். பத்து நிமிடத்தில் கண்ணெல்லாம் சிவந்து, இருமிக்கொண்டு வெளியே வந்தார். புதுச் சட்டையில் வரிசையாக நின்ற குழந்தைகளைத் திருப்பி அழைத்துக்கொண்டு போனார். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்திருந்த ஒரு குட்டிப் பெண், முயல் வேண்டுமென்று தெருக்கோடிவரை அழுதுகொண்டே போனாள். கோப்பில் 'பயனாளி ஒத்துழைக்கவில்லை' என்று குறித்தோம்.

அடுத்த திங்கட்கிழமை, குறைதீர் கூட்டத்தில் பெரிய அதிகாரியிடம் விமலாராணி ஒரு மனு நீட்டினார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. கட்டடம் முற்றிலும் உகந்தது என்று அரசே சொல்லிவிட்டபடியால், மறுவாழ்வு அலுவலகம் அங்கே குடிபோகட்டும். காலியாகும் அலுவலகத்தில் குழந்தைகள் இருந்துகொள்ளட்டும் என்பதே மனு.

பெரிய அதிகாரி சான்றிதழை இரண்டு முறை படித்தார். "நல்ல யோசனைதானே? அடுத்த வாரமே மாறிக்குங்க" என்று உத்தரவிட்டார்.

அன்று எங்கள் அலுவலகம் இழவு வீடு போலிருந்தது. அதுவரை அந்தப் பட்டறைக்குள் கால் வைக்காத கிருபாசங்கர், மாஸ்க்கும் கையுறையும் மாட்டிக்கொண்டு தாமே போய் மண் அள்ளி வந்தார். இரண்டு மாதம் ஆகும் சோதனை முடிவு இரண்டே நாளில் வந்தது. குரோமியம், அமிலப் புகை, தோல் நோய், நுரையீரல் கேடு என்று மூன்று பக்கத்துக்கு அவர் ஓர் அறிக்கை சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். 'அங்கே ஒரு மணி நேரம் இருந்தாலும் ஊழியர்களின் உயிருக்கு ஆபத்து' என்று முடித்தார்.

நகல் கேட்டு வந்த விமலாராணி, பழைய சான்றிதழையும் புது அறிக்கையையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.

"ஏனுங்க சார், இது அதே பட்டறைதானுங்களே?"

"அதேதானுங்க அம்மணி."

"போன வாரம் நல்லா இருந்துச்சுங்களே?"

"போன வாரம் கொழந்தைகளுக்குத்தானுங்களே பார்த்தோம்!"

இரண்டையும் விமலாராணி பெரிய அதிகாரியின் மேஜைக்குக் கொண்டுபோனார். அதன் பிறகு டிரம்கள் லாரி ஏறின. நான்கடி ஆழத்துக்கு மண் தோண்டப்பட்டது. திருமூர்த்தி தம் சொந்தச் செலவில் சுவரைச் செங்கல்வரை சுரண்டினார். வேலை முடியும்வரை குழந்தைகள் எங்கள் கூட்ட அரங்கில் தூங்கினார்கள். அந்த அரங்கில் தூங்குவது ஒன்றும் புதிதல்ல. ஆனி மாதம் அவர்கள் பட்டறைக்குக் குடிபோனபோது, கிருபாசங்கர் உள்ளே உட்கார்ந்து டீ குடித்தார்.

எங்கள் துறையின் மகிமைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா? இதற்கு முன் இதேபோல் ஏழு கட்டடங்களைச் சான்றிதழோடு மக்களிடம் ஒப்படைத்திருக்கிறோம். ஏழிலும் குழந்தைகள் படிக்கிறார்கள். எங்களை அங்கே குடிவரச் சொல்லி இன்னும் ஒருவரும் மனு கொடுக்கவில்லை.