சொட்டாத காருக்கு ஒரு கரண்டி கிரேவி

அன்புள்ள மேவிஸ் அக்காவுக்கு,

தம்பி டென்சில் எழுதுவது. இங்கே நான், பெரில், மழை மூவரும் சௌக்கியம். ஸ்பெயின் வெயிலில் நீ கருவாடாகாமல் இருப்பாய் என்று நம்புகிறேன்.

முதலில் வெட்கத்தை விட்டு ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். "என் வீட்டுக்காரர் கார்ல இன்ஜினைத் தொட்டே, உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாயே, அந்த இன்ஜினையே மாத்திட்டேன். வறுத்த மீன் வாங்கப் போகிற அவசரத்தில் ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்த மறந்துட்டேன், பாதி வழியில் டமார், மீனும் ஆறிப்போச்சு. மெக்கானிக் ஹெட்லி பார்த்துவிட்டு, இன்ஜின் ரெண்டா பிளந்திருக்கு, அடக்கம் பண்ணிடலாம்னான். முதல்ல எட்டு சிலிண்டர் இன்ஜின் ஒண்ணை உள்ளே இறக்கினோம், கனம் தாங்காம கார் மூக்கால தரையை மோந்து பார்த்தது. அப்புறம் வீடு வீடா பால் போடுற பேட்டரி வண்டியோட மோட்டார், அது மேட்டைக் கண்டாலே நின்னுடும், நானும் ஹெட்லியும் தள்ளணும். கடைசியில் பெரில்தான், "ஜப்பான் இன்ஜினைப் போடுங்க, ராத்திரி சாப்பாட்டுக்காவது வீடு வந்து சேருவீங்க" என்றாள்.

அங்கேதான் வந்தது வினை. சாவியைத் திருப்பினதும் கிளம்புது அக்கா. மச்சான் ரெஜினால்ட் காலத்தில் நாலு உதை, எட்டு கெட்ட வார்த்தை இல்லாம கிளம்பியிருக்கா? நின்ன இடமெல்லாம் கறுப்பா எண்ணெய் சொட்டுமே, இது மூணு வாரமா ஒரு பொட்டு கூடச் சொட்டலை. நானோ பழைய கார் சங்கத்துப் போட்டியில், அசல் மாறாத வண்டிங்கிற பிரிவில், போன மாசமே உன் பேரைக் கொடுத்துட்டேன். சங்கத் தலைவர் த்வெய்ட், கீழே சொட்டினதைப் பார்த்தே காரோட வயசு சொல்றவர். போட்டி நடந்ததோ ஞாயிற்றுக்கிழமை, கடையெல்லாம் மூடியிருக்கு, கறுப்பு எண்ணெய்க்கு எங்கே போவேன்? பெரில் வைத்த மாட்டுக்கறி கிரேவியில் மிச்சம் ஒரு கரண்டியைத் தட்டில் ஊத்தி காருக்கு அடியில் வச்சேன். மழையில் இன்ஜின் மூடியைத் திறக்கக் கூடாதுங்கிறது சங்கத்து விதி, மழைக்கு நன்றி. அவர் குனிஞ்சு பார்த்தார், கண் கலங்கிட்டார். "ரெஜினால்ட் விட்டுட்டுப் போன மாதிரியே சொட்டுதய்யா" என்று முதல் பரிசுக் கப்பைக் கையில் கொடுத்துட்டார்.

சனிக்கிழமை நீ வரும்போது கப் அலமாரியில் இருக்கும். முதலில் கப்பைப் பார், பிறகு இன்ஜினைப் பார். மச்சான் ஆசைப்பட்டு ஆசைப்பட்டு வாங்காத கப் அது. திட்டுவதென்றால் டீ குடித்துவிட்டுத் திட்டு, ஆனால் முகத்தில் முழி.

உன் முழங்காலுக்கும் பக்கத்து வீட்டுக் கிளிக்கும் எங்கள் அன்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
உன் ஒரே தம்பி
டென்சில்

பி.கு: உறையை ஒட்டும்போது த்வெய்ட் காரைப் போட்டோ எடுக்க வந்தார், நாயோடு. நாய் இன்னும் காருக்கு அடியிலேயே வச்சிருந்த கிரேவித் தட்டைச் சுத்தமாக நக்கிவிட்டு, அடுத்த சொட்டுக்காக இன்ஜினுக்குக் கீழே வாயைத் திறந்து படுத்துக்கொண்டது. அவர் தட்டு ஓரத்தை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "உப்பு கொஞ்சம் கம்மி" என்றார். கப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாயைக் கூப்பிட்டார், அது வரவில்லை. சனிக்கிழமை நீ காரை எடுப்பதாக இருந்தால் முதலில் குனிந்து பார்க்கவும்.