ஒரு விதியும் மீறாத வால்வு

இன்றைக்கும் ஆத்திரத்தோடுதான் ஒப்புக்கொள்கிறேன்: என் நிரூபணத்தில் ஒரு தப்பும் இல்லை. தோட்டம்தான் காய்ந்துபோனது.

சிப் வடிவமைப்பைச் சரிபார்ப்பது என் வேலை. ஒருவர் வடிவமைப்பார், அது தொழிற்சாலைக்குப் போகுமுன் நான் குறை கண்டுபிடிக்க வேண்டும். (எங்கள் வீட்டில் சம்பளம் வாங்கிக் குறை சொல்பவள் நான் மட்டும்தான். மற்றவர்கள் இலவசமாகச் சொல்கிறார்கள்.) முன்பெல்லாம் சிப்பைக் கணினியில் விதவிதமாக ஓட்டிப் பார்ப்போம். எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த முறையில் ஓட்டவே வேண்டாம். விதிகளை எழுதிக் கொடுத்தால் போதும். எந்த நிலையிலும் அவை மீறப்படாது என்று மென்பொருளே கணக்குப் போட்டு நிரூபித்துவிடும். அந்தப் பயிற்சியை முடித்த கையோடு, தலைக்கனமும் நானுமாக விடுமுறைக்குக் கம்பத்தில் அண்ணன் வீட்டில் வந்து இறங்கினேன்.

அண்ணன் அரை ஏக்கரில் புதிதாகப் பன்னீர் திராட்சை நாற்று நட்டிருந்தார். சித்திரை வெயிலில் அதற்குத் தினமும் தண்ணீர் வேண்டும். அந்த நேரம் பார்த்து மதினியின் தங்கைக்குக் கட்டப்பனையில் கல்யாணம். மூன்று நாள் தோட்டத்தில் ஆள் இருக்காது.

"பக்கத்துத் தோட்டத்துக்காரக தண்ணி விடுறேன்னு சொன்னாக" என்றார் அண்ணன்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சிப் தெரிந்த தங்கை இருக்க, ஊரார் எதற்கு? சொட்டுநீர் வால்வுகளைத் தானே திறந்து மூடும் ஒரு சின்னச் சிப்பை நானே வடிவமைத்து, தொழிற்சாலைக்குப் போகாமலே எந்த வடிவமைப்பையும் ஏற்றிக்கொள்ளும் சோதனைப் பலகையில் ஏற்றி, புதிய முறையில் நிரூபித்தும் காட்டினேன். எல்லாம் பச்சை டிக்.

"கரண்டு வந்ததும் ஒருவாட்டி ஓட்டிப் பாத்துருவமா ஏத்தா?"

"ஓட்டிப் பாக்குறதெல்லாம் பழைய காலம்ணே. நிரூபிச்சாச்சு."

பக்கத்துத் தோட்டத்துக்காரரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினோம். கல்யாண வீட்டில் தாலி கட்டும்போதுகூட யாருக்கோ அந்தப் பச்சை டிக்குகளைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தால், நாற்றெல்லாம் தலை தொங்கிக் கிடந்தது. இலையைத் தொட்டால் அப்பளமாக நொறுங்கியது. மண்ணில் ஈரமே இல்லை. நியாயமாக நான் அழுதிருக்க வேண்டும். கோபப்பட்டேன். வரப்பிலேயே லேப்டாப்பைத் திறந்தேன்.

"பாருங்கண்ணே. வால்வு திறந்தா மோட்டார் ஓடணும். சரி. ரெண்டு வால்வு ஒண்ணாத் திறக்கக் கூடாது. சரி. திறந்த வால்வு இருபது நிமிசத்துல மூடணும். அதுவும் சரி. ஒரு விதிகூட மீறலை."

"அத ஏன் எங்கிட்டக் காட்டுற? நாத்துக்கிட்டக் காட்டு" என்றார் அண்ணன்.

விதி மீறாததன் காரணம் பிறகுதான் தெரிந்தது. சிப்பைத் தொடக்க நிலையிலேயே நிறுத்தி வைக்கும் சிக்னலை நான் தலைகீழாக எழுதியிருந்தேன். அது மூன்று நாளும் தொடக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. எந்த வால்வும் திறக்கவில்லை. திறக்காத வால்வு என்ன தப்புச் செய்யும்? வால்வு திறக்கும் நிலையே வரவில்லை என்று மென்பொருள் மஞ்சளில் ஓர் எச்சரிக்கையும் போட்டிருந்தது. (பச்சைக்கு நடுவில் மஞ்சளை யார் பார்க்கிறார்கள்?)

பாதி நாற்றுதான் பிழைத்தது. அண்ணன் காய்ந்ததை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வரப்பில் போட்டார். அவர் திட்டியிருந்தால் எனக்கு இத்தனை வெட்கமாக இருந்திருக்காது. மிச்ச விடுமுறை முழுக்கக் குழி தோண்டி மறு நாற்று நட்டேன். இப்போது அலுவலகத்தில் யார் பச்சை டிக் காட்டினாலும் முதலில் கேட்பது, "அது ஒருதடவையாவது திறந்துச்சா?" என்பதுதான். அந்தக் கேள்வி எங்கள் குழுவில் எழுதப்பட்ட விதியாகவே ஆகிவிட்டது.

வீட்டிலும் மறக்கவில்லை. ஒவ்வொரு முறை கம்பம் போகும்போதும் மதினி முதலில் ஒரு காலித் தட்டை என் முன்னால் வைக்கிறார்.

"சாப்பிடு கவிதா. உப்புக் கரிக்கலை, காரம் எரிக்கலை, சோறு குழையலை. ஒரு குறை சொல்ல முடியாது."

அண்ணன் சிரிக்கிறார். என் விதிகளின்படி அந்தத் தட்டு பாஸ் என்பதுதான் எனக்கு ஆத்திரம்.