ஷூ வைக்கிற பள்ளம்

ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் பெரியவரின் முழங்கால்கள் மாட்டிக்கொண்டன. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

"மூச்சை நல்லா உள்ள இழுத்துக்கோங்க ஐயா," என்றார் டிங்கர் மேஸ்திரி.

"முழங்காலுக்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம், மேஸ்திரி?"

"ஒரு சம்பந்தமும் இல்லதான். சும்மா பாத்துக்கிட்டு நிக்கறமேன்னு சொன்னேன்."

மேஸ்திரி அக்குளில் கை கொடுத்துத் தூக்க, பெரியவர் ஒருவழியாக ஜீப்பிலிருந்து இறங்கினார். இறங்கியதும் சட்டையை நீவி, முதுகை நிமிர்த்திக்கொண்டார். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்தவர்; பட்டறையில் விழுந்து எழுந்தாலும் நேராகத்தான் எழுவார். குடும்பத்தில் மூத்தவர் என்பதால் வீட்டில் எல்லோருக்கும் அவர் பெரியவர். பட்டறையிலும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

அது அவருடைய அப்பாவின் ஜீப். மலைக்காடுகளில் நிலம் அளந்த சர்வேயர் அவர். ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபோது ஜீப்பை லாரியில் ஏற்றி வந்து பின்கட்டு ஷெட்டில் நிறுத்தினார்கள். அவர் காலமான பிறகும் அது அங்கேயே இருபது வருஷம் கிடந்தது. மட்கார்டு துரு தின்று போயிற்று. தரைத் தகடு சல்லடையாயிற்று. கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும் தகடுகளை வாங்கி மாட்டலாம் என்று பலரும் சொன்னார்கள். பெரியவர் கேட்கவில்லை. "அப்பா வண்டிக்கு எவனுக்கோ தைச்ச சட்டையைப் போடறதா?" என்றார். ஒரு மாதமாக மேஸ்திரி பதினெட்டு கேஜ் தகட்டை வெட்டி, மணல் மூட்டை மேல் வைத்துக் கொட்டாப்புளி என்ற மரச் சுத்தியலால் தட்டித் தட்டி, ஒவ்வொரு வளைவாக எடுத்துக்கொண்டிருந்தார். பெரியவர் தினமும் காலையில் வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவார். தகடு மெல்ல மெல்ல மட்கார்டாக மாறுவதைப் பார்ப்பதைப் போன்ற சுகம் அவருக்கு வேறு எதிலும் இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை பழைய வண்டிகளின் ஊர்வலம். அதில் மைக் பிடித்து ஒவ்வொரு வண்டியின் பெருமையையும் சொல்லப் போகிறவர் அவருடைய தங்கை புருஷன். டேஷ்போர்டில் பதிக்கப் பித்தளைத் தகடு ஒன்றும் தயாராக இருந்தது. "என் தந்தையார் ஓட்டிய வண்டி. நாற்பது ஆண்டுகள். ஒரு கீறல் இல்லை."

இதை ஊரறிய மாப்பிள்ளை வாயால் படிக்க வைக்க வேண்டும். அவ்வளவுதான் பெரியவரின் ஆசை.

"அப்பா ஆறடி. நானும் ஆறடி," என்றார் பெரியவர். "அவர் உக்காந்த இடத்துல நான் ஏன் உக்கார முடியல?"

மேஸ்திரி சீட்டுக்கு அடியில் விளக்கைக் காட்டினார். "சீட்டுப் பெட்டியை முன்னால தள்ளி வெல்டு வெச்சிருக்காங்க. கிளட்ச் மேல பாருங்க, ஒரு இரும்புக் கட்டை வேற."

"ஷெட்டுல கிடந்தப்ப எவனோ கை வெச்சிருக்கான்."

"வெல்டைப் பாத்தா ரொம்பப் பழசா இருக்குதுங்க."

"அப்ப ரொம்பப் பழைய திருட்டுப் பயல்! கட்டையை வெட்டி எறிங்க. சீட்டைப் பின்னால தள்ளுங்க."

"எவ்வளவு தள்ளணும்?"

"அப்பா காலை நீட்டி உக்கார்ற அளவுக்கு."

"அவர் வந்து உக்காந்து காட்டினா சரியா இருக்கும்," என்று சொன்ன மேஸ்திரி, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இந்த நேரத்தில்தான் மாப்பிள்ளை வந்து சேர்ந்தார். தாமதமாக நடந்த அவர் கல்யாணத்துக்கு முன்பே பெரியவரின் அப்பா போய்விட்டதால், மாமனாரை அவர் போட்டோவில்தான் பார்த்திருக்கிறார். சீட்டையும் ஸ்டியரிங்கையும் மாறி மாறிப் பார்த்தார். உதட்டோரம் சிரிப்பு முளைத்தது.

"மச்சான், ஒண்ணு கேக்கறேன். கோவிச்சுக்கக் கூடாது."

"கோவம் வர்ற மாதிரி கேக்காதீங்க."

"மாமா நிஜமாவே ஆறடியா? இல்ல, போட்டோ எடுக்கறப்ப கல்லு மேல ஏறி நின்னாரா?"

மேஸ்திரி சட்டென்று சுத்தியலை எடுத்து, வேலையே இல்லாத ஒரு தகட்டைத் தட்ட ஆரம்பித்தார்.

பெரியவர் நேராக வீட்டுக்குப் போனார். பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கி, அப்பாவின் காக்கி பேன்ட்டையும் ஷூவையும் வெளியே எடுத்தார்.

கூடத்து நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருந்தார். எண்பத்தைந்து வயது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அவருக்கு என்றைக்கும் கால் தரையைத் தொட்டதில்லை. சின்னப் பிள்ளையைப் போல ஆட்டிக்கொண்டிருப்பார்.

"அந்தப் பேன்ட் எதுக்குடா?"

"அளவெடுக்க."

"யாருக்கு?"

"அப்பாவுக்கு."

அம்மாவின் கால் ஆட்டம் நின்றது. "உடம்பு ஏதாவது சரியில்லையா உனக்கு?"

"வண்டியில சீட்டு வெக்கணும்மா. அப்பா அளவுக்கு."

"அவருக்கு எந்த சீட்டுடா?"

"இதெல்லாம் பட்டறைச் சமாச்சாரம்மா, உங்களுக்குப் புரியாது. ஞாயித்துக்கிழமை வந்து ஜம்முனு என் பக்கத்துல உக்காருங்க, போதும்."

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்து, மகன் முதுகு விறைப்பாக வாசலைத் தாண்டுவதைப் பார்த்துவிட்டு, மறுபடியும் காலை ஆட்ட ஆரம்பித்தார்.

பட்டறையில் பேன்ட்டின் இரண்டு கால்களுக்குள்ளும் கழிவுப் பஞ்சை அடைத்து, நுனியில் ஷூவைக் கட்டி, மேஸ்திரி அதை ஓட்டுநர் சீட்டில் உட்கார வைத்தார். இடுப்புக்கு மேல் ஆளில்லாத அந்த உருவம் ஜம்பமாகத்தான் இருந்தது. டீ கொண்டு வந்தவர் அதைப் பார்த்து, டம்ளர்களை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார்.

"பாத்தீங்களா மாப்பிள்ளை? கால் மட்டும் எவ்வளவு நீளம்!"

"பஞ்சு ஜாஸ்தியோ என்னவோ," என்றார் மாப்பிள்ளை.

பேன்ட் கணக்குப்படி சீட்டு, கம்பெனி வைத்த பழைய இடத்துக்குப் போனது மட்டும் போதவில்லை. அதற்கும் பின்னால் நாலு விரல் போக வேண்டியிருந்தது. மேஸ்திரி புதுச் சீட்டுப் பெட்டி செய்து பின்னால் தள்ளினார். சீட்டுக்கு அடியில் இருக்கும் பெட்ரோல் டேங்க்கும் கூடவே போய்ப் பின்சக்கரத்தின் வளைவில் இடித்தது.

"வளைவைக் கொஞ்சம் வெட்டிக்கலாம் ஐயா."

வெட்டினார். ஒரு பக்க வளைவு மட்டும் ஒல்லியாகிவிட, வண்டி பின்னாலிருந்து பார்த்தால் ஒரு கன்னம் வீங்கியவனைப் போல இருந்தது. பெரியவருக்குப் பொறுக்கவில்லை. மறுபக்கத்தையும் வெட்டச் சொன்னார். இரண்டு வளைவும் மாறியதும் அவற்றின் மேல் இருந்த பெஞ்சுகள் உட்கார இடமில்லாமல் தவித்தன. பெஞ்சுகளைப் பின்னால் நகர்த்தினார்கள். பின்கதவு மூடவில்லை.

"எவ்வளவு தொறந்து நிக்குது?"

"மூணு விரல்."

"தட்டிப் பாருங்க."

மேஸ்திரி தட்டினார். "இப்ப நாலு விரல்."

கடைசியில் வெளிப்பக்கம் உப்பிய புதுக்கதவு ஒன்றைச் செய்தார் மேஸ்திரி. வேலை என்னவோ அருமையான வேலை. சட்டியைப் போல, ஓர் இடத்தில்கூடச் சுத்தியல் தடம் தெரியாத வளைவு. ஆனாலும் அது தொப்பைதான்.

"மாமாவுக்கு இல்லாத தொப்பை வண்டிக்கு வந்துடுச்சே, மச்சான்."

"வளமான குடும்பத்து வண்டி, அப்படித்தான் இருக்கும்," என்றார் பெரியவர், முகத்தைத் திருப்பாமல்.

இதற்குள் சீட்டு பின்னால் போனதில் கியர் கம்பி கைக்கு எட்டவில்லை. மேஸ்திரி கம்பியை நீட்டி வளைத்தார். நாலு கியரும் அழகாக விழுந்தன. ரிவர்ஸ் போட்டால் மட்டும் கம்பியின் குமிழ் பக்கத்து சீட்டுக்காரரின் முழங்காலில் நச்சென்று இடித்தது.

"ரிவர்ஸ் போடறதுக்கு முன்னால அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதுங்க," என்றார் மேஸ்திரி.

"எங்கப்பா பின்வாங்கற ஆளே இல்ல. ரிவர்ஸ் அவ்வளவா தேவைப்படாது."

தரைத் தகட்டுக்கு வந்தபோதுதான் அந்தப் பள்ளம் கண்ணில் பட்டது. ஓட்டுநர் பக்கத்துப் பழைய தகடு சமமாகத்தான் இருந்தது. பக்கத்து சீட்டுக்கு முன்னால், வலது கால் வருகிற இடத்தில், உள்ளங்கை ஆழத்துக்கு ஒரு குழி. துருவைச் சுரண்டிப் பார்த்தால் அந்த இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது.

"ஒரு கீறல் இல்லைன்னீங்க? இது என்ன மச்சான், குளமா?"

"இது கம்பெனி டிசைன்."

"எந்தக் கம்பெனிக்காரன் ஒரு பக்கம் மட்டும் பள்ளம் போடுவான்?"

ஒரு மாதத்தில் முதல் தடவையாகப் பெரியவரின் முதுகு அரை அங்குலம் தளர்ந்தது. கீறல் இல்லை என்பது அப்பாவின் வாக்கு. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அவர் சொல்வார்: "இத்தனை வருஷமா அந்த ஜீப்புல போறேன், ஒரு கீறல் உண்டா?" ஆறு வயதிலிருந்து ஹாஸ்டலில் வளர்ந்த பெரியவருக்கு அப்பாவைப் பற்றிக் கிடைத்ததே அந்த ஒரு வாக்கும், கூடத்தில் மாட்டியிருந்த ஒரு போட்டோவும்தான். போட்டோவில் அப்பா ஜீப்புக்குப் பக்கத்தில், ஸ்டியரிங்கை ஒரு கையால் பிடித்தபடி நின்றிருப்பார். மலை முகாமில் அப்பாவோடு கடைசிவரை இருந்தது அம்மா ஒருத்திதான்; தங்கையும் ஹாஸ்டலில் வளர்ந்தவள்தான். ஓய்வு பெறும்வரை வண்டி முகாமை விட்டு இறங்கியதே கிடையாது. ஊருக்கு இருவரும் பஸ்ஸில்தான் வருவார்கள்.

மேஸ்திரி பஞ்சுப் பேன்ட்டை எடுத்து ஓரமாக வைக்கப் போனார். ஒரு ஷூ கயிறு அவிழ்ந்து கழன்று விழுந்தது. விழுந்தது நேராக அந்தப் பள்ளத்துக்குள். குதிகால் குதிகாலிலும் நுனி நுனியிலுமாக, அச்சில் வார்த்தது போலக் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது.

மூவரும் குனிந்து பார்த்தார்கள்.

பெரியவரின் முதுகு மெல்ல நிமிர்ந்தது. "பாத்தீங்களா? அப்பா வண்டி ஓட்டறப்ப ஷூவைக் கழட்டி இங்க வெப்பார். மலைப் பாதை பாருங்க, உருளாம இருக்கணும். அதுக்குன்னு சொல்லிச் செஞ்ச இடம்! ஷூ வைக்கிற இடம்!"

"ஒத்தை ஷூ வைக்கவா?" என்றார் மாப்பிள்ளை.

"இன்னொண்ணைப் பக்கத்துல வெச்சிருப்பார். எல்லாத்தையும் ஒரு மனுஷன் எழுதி வெச்சுட்டா போவான்? மேஸ்திரி, புதுத் தகட்டுலயும் இதே பள்ளம், இதே ஆழம், இதே இடத்துல வரணும். நூல் பிசகக் கூடாது."

இரண்டு நாள் ஆயிற்று. மணல் மூட்டை மேல் புதுத் தகட்டைப் போட்டு, ஷூவை வைத்து வைத்து அளந்து, மேஸ்திரி அந்தப் பள்ளத்தைச் செதுக்கியது போல எடுத்தார். முடிந்ததும் பெரியவர் விரலால் தடவிப் பார்த்தார். அப்பாவின் கையையே தொட்டது போல இருந்தது. மாப்பிள்ளைகூடக் கேலியை மறந்து, "வேலைன்னா இது வேலை," என்று சொல்லிவிட்டார். மேஸ்திரிக்கு முகமெல்லாம் பல்.

ஞாயிறு காலை ஜீப் வீட்டு வாசலில் நின்றது. பச்சை பெயின்ட்டில் தெரு முழுவதும் முகம் பார்த்துக்கொள்ளலாம். பின்னால் தொப்பை. டேஷ்போர்டில் பித்தளைத் தகடு. பள்ளத்தில் பாலிஷ் போட்ட ஒற்றை ஷூ. மேஸ்திரி புதுச்சட்டை போட்டுக்கொண்டு, பானெட்டில் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பெரியவர் ஒரு தடவை ஏறி உட்கார்ந்து பார்த்தார். கால்கள் தாராளமாக நீண்டன. முழங்கால் எங்கும் இடிக்கவில்லை. ஆறடி மனிதனுக்கு அளவெடுத்துத் தைத்த வண்டி.

"இப்ப ஒத்துக்கறீங்களா மாப்பிள்ளை?"

"ஒத்துக்கறேன் மச்சான். மாமா ஆறடிதான். நான்தான் தப்பாப் பேசிட்டேன்," என்ற மாப்பிள்ளை, மைக்கில் பேசுகிற குரலில் தகட்டைப் படித்து ஒத்திகை பார்க்க ஆரம்பித்தார். "என் தந்தையார் ஓட்டிய வண்டி. நாற்பது ஆண்டுகள்..."

பெரியவர் இறங்கி வந்து பக்கத்து சீட்டுக்கு நேராக ஸ்டூலைப் போட்டார். ஷூவை எடுத்து ஓரம் வைத்தார். "அம்மா, வாங்க. இந்தப் பக்கம்."

அம்மா வாசற்படி இறங்கி வந்தார். காலில் எப்போதோ வாங்கிய கான்வாஸ் ஷூ, கயிறு இறுக்கிக் கட்டியிருந்தது. ஸ்டூலைத் தாண்டினார். மகன் நீட்டிய கையையும் தாண்டினார். பானெட்டை இரண்டு தட்டுத் தட்டி, வண்டியைச் சுற்றி அந்தப் பக்கம் போனார். கம்பியைப் பிடித்து ஒரே எக்கில் ஏறி ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தார். கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் தாழ்த்தினார். பார்க்காமலே கியர் இருக்க வேண்டிய இடத்துக்குக் கையைக் கொண்டு போனார். அங்கே கியர் இல்லை. இடது காலை நீட்டினார். ஷூ நுனிக்கும் கிளட்ச்சுக்கும் நடுவில் ஒரு சாண் காற்று இருந்தது.

மாப்பிள்ளை "ஒரு கீறல்" என்ற இடத்தில் அப்படியே நின்றார்.

அம்மா எட்டிப் பக்கத்து சீட்டுக்கு முன்னால் இருந்த தரையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"நாப்பது வருஷம் எட்டின கிளட்ச்சை எட்டாமப் பண்ணிட்டியேடா... போகட்டும், உங்கப்பா அங்க உக்காந்துக்கிட்டு, மெதுவா மெதுவான்னு கத்திக்கிட்டே பிரேக் மிதிச்ச பள்ளத்தையாவது பத்திரமா வெச்சிருக்கியே, அது போதும்."