டீத்தூள் கம்பெனியோடு ஒரு பகை

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வாத்தியார், டீத்தூள் விளம்பரம் முடிவதற்குள் டிவியை அணைத்துவிட்டார். அடுப்பின் முன் திருதிருவென்று விழிக்கும் கணவன், அவன் கையிலிருந்து பாத்திரத்தைப் பிடுங்கும் மனைவி, ‘ஆம்பளைக்கு எதற்கு இந்த வேலை?’ என்று ஒரு கேலிக் குரல். கல்யாணமான நாளிலிருந்து அவர் வீட்டில் அந்த டீத்தூள்தான். தன்னையே நடுத்தெருவில் நிறுத்தி வைத்துச் சிரித்தது போலிருந்தது அவருக்கு.

“இனிமே அந்தத் தூள் இந்த வாசப்படியை மிதிக்கக் கூடாது,” என்றார் மனைவியிடம்.

அவள் மறுக்கவில்லை. தன் கைக்கு அந்தத் தூளின் அளவுதான் பழக்கம், வேறு வாங்கினால் அவரேதான் டீ போட வேண்டும் என்றாள். விளம்பரக்காரனுக்கும் சூடு வைத்த மாதிரி இருக்குமாம். அது வாத்தியாருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

மறுநாள் சாயங்காலம் அவர் போட்ட டீ, கஷாயத்துக்கு அண்ணன். பாத்திரமும் அடிப்பிடித்துக்கொண்டது. தேய்க்கப் போனவரை மனைவி தடுத்தாள். பாத்திரம் தேய்க்கும் பவுடரும் அதே கம்பெனியோடதுதானாம். அதைக் குப்பையில் போட்டுவிட்டு எலுமிச்சைத் தோலால் தேய்த்தார். சட்டையெல்லாம் கரி.

சட்டையை வாஷிங் மெஷினில் போடப் போனார். மனைவி தயங்கினாள்.

“மெஷினுமா?”

“பேரு வேற. முதலாளி ஒருத்தர்தான்னு பேசிக்கிறாங்க. உங்களுக்குப் பரவாயில்லைன்னா போடுங்க.”

பரவாயில்லை என்று எப்படிச் சொல்வது? அன்று காலையில்தான் கார் பழக வந்த ஒரு பெண்மணியிடம் அந்தக் கம்பெனியை நார் நாராகக் கிழித்திருந்தார். கேட்ட சுவாரசியத்தில் அந்த அம்மாள் பிரேக்கை மறந்து, கம்பெனியின் விளம்பரப் பலகை மேலேயே லேசாக மோதிவிட்டார். வாத்தியார்தான் வேண்டுமென்றே மோதவைத்ததாகத் தெரு முழுக்கப் பேச்சு. பக்கத்து வீட்டுக்காரர் வந்து கைகொடுத்துவிட்டுப் போனார். இனிப் பின்வாங்கினால் வெளியே தலைகாட்ட முடியாது.

சட்டையோடு போர்வைகளையும் கையால் துவைத்தார். அடுத்து தரை துடைக்கும் மாப்பும் அந்தக் கம்பெனியுடையது என்று தெரியவந்தது. முட்டி போட்டுத் துணியால் துடைத்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது.

ஆனால் டீ தேறிவிட்டது. ஒருநாள் மனைவி நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டி, ஒரு வாய் குடித்து, கண்ணை மூடிக்கொண்டு, “நல்லாருக்குங்க,” என்றாள். அவள் அப்படி உட்கார்ந்து அவர் பார்த்ததே இல்லை. கம்பெனி மேலிருந்த கோபம் பாதி இறங்கிவிட்டது. அதை அவர் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக்காரரின் மனைவி வந்திருந்தாள். வாத்தியார் இரண்டு கப் டீயைத் தட்டில் ஏந்தி, சிந்தாமல் கூடத்துக் கதவு வரை வந்துவிட்டார். உள்ளே அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டுக்கொண்டிருந்தாள்:

“அக்கா, அந்தக் கம்பெனி டீத்தூளைத் தவிர வேற எதுவுமே செய்யறதில்லையாமே? எங்க வீட்டுக்காரரும் இப்ப அவங்க மேல கோவமாத்தான் இருக்காரு. வாஷிங் மெஷின் வரைக்கும் எப்படிக் கொண்டு போனீங்கன்னு எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க.”