வேன் வந்து நின்ற நேரம்

ஆசிரியர்களுக்கு என்று ஒரு வருத்தம் இருக்கிறது. ஊருக்குச் சொல்லும் புத்தி அவர்களின் சொந்த வீட்டுக்குள் போகாது. எனக்கு அந்த வருத்தம் நன்றாக முற்றிப்போயிருந்தது.

ஆலங்குடாவுக்குப் பக்கத்தில், ஐந்தாம் தரம் வரை மட்டும் உள்ள சின்னப் பள்ளிக்கூடம் ஒன்றில் அப்போது படிப்பித்துக்கொண்டிருந்தேன். அடுத்த வருஷம் முதலாம் தரத்துக்கு வந்திருந்த விண்ணப்பங்கள் மூன்றே மூன்று. இப்படியே போனால் மூடிவிடுவார்கள் என்று அதிபர் கையைப் பிசைந்தார். மூடினால், வேன் வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குப் படிப்பே இல்லை. ஆட்கள் வராத காரணம் ஊருக்கே தெரியும். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் இரண்டு வருஷமாக ஒருவரும் சித்தியடையவில்லை. அந்த வகுப்புக்கு ஆசிரியர் யார்? (கேட்காமல் விட்டால் நல்லது.)

"கவலைய விடுங்க சேர், தாய்மாரோட நான் கதைக்கிறன்" என்று நெஞ்சை நிமிர்த்தினேன். என் பேச்சில் எனக்கே ஒரு மயக்கம் இருந்த காலம் அது.

புத்தளத்துப் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளைகளை ஏற்றிவரும் வேன், பின்னேரம் சந்தியில் நிற்கும். தாய்மார் அங்கேதான் காத்திருப்பார்கள். போய் நடுவில் நின்றுகொண்டேன்.

"பச்சப் பிள்ளைகள விடியக்காலையில வேன்ல அடைச்சு அனுப்புறீங்களே, ஞாயமா? ஊர்ப் பள்ளிக்கூடத்த நம்புங்க. உங்கட பிள்ளைகள எங்கட பிள்ளைகளப் போலப் பாக்கிறம்!"

கருவாடு காயப்போட்ட கையோடு வந்திருந்த ரம்ஸியா தாத்தா (எங்கள் பக்கத்தில் தாத்தா என்றால் அக்கா) முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தார். துடைத்துவிட்டு விண்ணப்பப் படிவத்துக்குக் கையையும் நீட்டினார். நான் வென்றுவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து வேன் வந்து நின்றது. கதவு திறந்ததும் வெள்ளைச் சீருடைகளுக்கு நடுவிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"வாப்பா! எங்கட வேன் பழுதாப் போச்சு! எங்களையும் இதுல ஏத்திவிட்டாங்க!"

என் மகள். நான்காம் தரம், அதே புத்தளத்துப் பள்ளிக்கூடம். எங்கள் வீடு கற்பிட்டியில் இருந்ததால் இந்த ஊரில் ஒருவருக்கும் அது தெரியாது. (தெரியப்படுத்த நானும் அவசரப்படவில்லை.)

ரம்ஸியா தாத்தா நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

"எங்கட பிள்ளைகள உங்கட பிள்ளையப் போலப் பாக்கிறமெண்டுதானே சேர் சொன்னீங்க? அப்ப அதுகளும் வேன்லயே போகட்டும்."

சந்தியே சிரித்தது. வேன் சாரதிகூடச் சிரித்தார். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

"வாற வருஷம் இவவும் இங்கதான் படிப்பா!" என்றேன். அதை முதல் தடவையாகக் கேட்டவர்களில் நானும் ஒருவன்.

மனைவி மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. ஜனவரியில் என் மகள் வாசலுக்குள் நுழைவதைக் கண்ணால் கண்ட பிறகுதான் ரம்ஸியா தாத்தா தன் சின்ன மகளை முதலாம் தரத்தில் கொண்டுவந்து சேர்த்தார். அவருக்குப் பின்னால் மற்றத் தாய்மாரும் வந்தார்கள். பள்ளிக்கூடம் தப்பியது.

உள்ளதைச் சொல்கிறேன், அந்த வருஷம்தான் நான் ஒழுங்காகப் படிப்பித்தேன். சொந்தப் பிள்ளை முன்வரிசை வாங்கில் இருந்தால் பிறகு எப்படி ஏமாற்றுவது? இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கம்தான். மூன்று பிள்ளைகள் சித்தியடைந்தார்கள். அந்த மூவரில் என் மகள் இல்லை.

அவள் இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். வீட்டில் நான் யாருக்காவது புத்தி சொல்லத் தொண்டையைச் செருமினால் போதும், மனைவி எழுந்து போய் ஜன்னலைத் திறப்பாள்.

"கொஞ்சம் பொறுங்க. வேன் வருதாண்டு பாக்கிறன்."